இரண்டு பெட்ரூம், பதினோரு பேர், இரண்டு வாண்டுகள்: கிறிஸ்துமஸை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கொளத்தூர்_ஜெனி

எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு லீவு எப்போது விடுகிறார்கள் என்று கேட்டு ஊரிலிருந்து மாமியார் போன் செய்தார்கள். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் எல்லாருக்கும் சென்னையில்தானாம். எல்லாரும் என்றால் மாமனார், மாமியார், நாத்தனார், அவர் வீட்டுக்காரர், அவர்களுடைய மூன்று பிள்ளைகள். நாங்கள் நாலு பேர். இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஒரு பாத்ரூமில் கீசர் வேலை செய்யும், இன்னொன்றில் அது மனசு வைத்தால் செய்யும்.

அவர்கள் வருவது எனக்குச் சந்தோஷம்தான். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் மாமியாரை எப்படி மதிப்பது என்று நாலு பேர் வகுப்பெடுக்க வந்துவிடுவீர்கள். என் கவலை பிள்ளைகள். மூத்தவளுக்கு நாலு வயசு, எல்கேஜி. சின்னவனுக்கு ஒன்றரை. இவர் வீடு நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டண்ட் சபை. நான் சாந்தோமில் வளர்ந்த ஆர்.சி., ரோமன் கத்தோலிக். அதனால் 24ஆம் தேதி அம்மாவோடு நடுராத்திரிப் பூசை, வந்து கண்ணை மூடினால் 25 விடியற்காலை நாலரைக்கு இவர் வீட்டோடு ஆராதனை. கல்யாணமான புதிதில் இரண்டுக்கும் போனோம், ஜாலியாகத்தான் இருந்தது. இப்போது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. மத்தியானம் பிரியாணிக்கு வந்துபோகிறவர்களையும் சேர்த்தால் இருபது பேராவது ஆகும். சாயங்காலத்துக்குள் பெரியவள் தரையில் புரண்டு அழுவாள், உடனே ஒருத்தர் "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்பார், இன்னொருத்தர் அவள் வாயில் சாக்லேட்டைத் திணிப்பார்.

இன்னொன்று, வீடு வீடாகப் பாட வருகிற கேரல் ரவுண்ட்ஸில் வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டாலே அவளுக்கு நடுக்கம். இதையெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள் என்று அனுபவத்திலிருந்து சொல்லுங்கள். "மகிழ்ச்சியாக இருங்கள்" மாதிரி அறிவுரை வேண்டாம், ப்ளீஸ்.

பெரம்பூர்_லோகோ

சிஸ்டர், நடுராத்திரிப் பூசையை விடுங்கள். விட்டால் பாவம் என்று அம்மா சொல்வார்கள், சொல்ல மாட்டார்கள் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆனால் கத்தோலிக்க முறைப்படி கிறிஸ்துமஸுக்கு நாலு திருப்பலி இருக்கிறது: 24 மாலைத் திருவிழிப்பு, நள்ளிரவு, விடியல், பகல். இதில் எதற்குப் போனாலும் திருநாள் கடன் தீர்ந்துவிடும். உங்கள் அம்மாவுடைய பங்கிலோ பக்கத்திலோ 24 மாலைத் திருப்பலி உண்டா என்று இப்போதே விசாரித்து வையுங்கள், எல்லாக் கோயிலிலும் இருக்காது. கூட்டமும் குறைவாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பீடத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

சாந்தோம் பேராலயத்துக்கோ பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கோ 24 ராத்திரி சின்னப் பிள்ளைகளோடு போவது என்னைக் கேட்டால் வேண்டாத வேலை. வண்டியை எங்கேயோ விட்டுவிட்டு நடக்க வேண்டும், உள்ளே இடம் கிடைக்காது, வெளியே நின்று ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும். குடில் பார்க்கத்தானே பிள்ளைகளுக்கு ஆசை? குடில் எங்கேயும் ஓடிவிடாது. மூன்று ராஜாக்கள் திருநாள் வரை, அதாவது ஜனவரி 6 வாக்கில் வரை அப்படியே இருக்கும். 27, 28 தேதியில் ஒரு சாயங்காலம் கூட்டிப் போங்கள். ஆடு எத்தனை, ஒட்டகம் எத்தனை என்று நின்று எண்ணட்டும், பின்னாலிருந்து யாரும் தள்ள மாட்டார்கள்.

பாளையங்கோட்டை_ஆச்சி

ஸ்தோத்திரம் மகளே. நான் இப்போது அம்பத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன், பேத்திதான் இதைத் தட்டிக் கொடுக்கிறாள்.

மேலே தம்பி சொன்னது சரிதான், நடுராத்திரி வேண்டாம். ஆனால் விடியற்கால ஆராதனையைப் பிள்ளைகளுக்கு இல்லாமல் ஆக்கிவிடாதே. எங்கள் காலத்தில் மூணு மணிக்கு எழுப்பி வெந்நீர் ஊற்றி, புதுத் துணியைப் போட்டு, இருட்டில் நடத்திக் கூட்டிப் போவார்கள். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு ஸ்டார் எரியும். அந்த நேரத்தில் ஊரே நமக்காக முழித்திருக்கிறது என்று ஒரு நினைப்பு வரும் பாரு, அது பகல் பத்து மணி ஆராதனையில் வராது. நாலு வயசு என்றால் கட்டாயம் வரலாம். 24ஆம் தேதி ஏழு மணிக்கே படுக்க வைத்துவிடு. ஒன்றரை வயசுக்காரன் தூங்கட்டும், அவனோடு யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தால் போச்சு.

நாங்கள் எல்லாம் இத்தனை யோசித்தா பிள்ளை வளர்த்தோம்?

சூளைமேடு_அப்பா

> நாங்கள் எல்லாம் இத்தனை யோசித்தா பிள்ளை வளர்த்தோம்?

ஆச்சி, கோபப்படாதீர்கள். நீங்கள் யோசிக்கவில்லை, ஏனென்றால் உங்கள் வீட்டில் அந்தப் பிள்ளையைத் தூக்க அத்தை, சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று பத்துக் கை இருந்தது. கொளத்தூர் ஃபிளாட்டில் இருப்பது இரண்டு கை, அதில் ஒன்றில் எப்போதும் கரண்டி.

ஏழு மணிக்குப் படுக்க வைப்பதாம்! ஹாலில் மூன்று கசின்கள் குதித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை ஏழு மணிக்குத் தூங்கும்?

பாளையங்கோட்டை_ஆச்சி

அந்த மூன்றையும் சேர்த்துத்தான் படுக்க வைக்கணும். தாத்தா எதுக்கு வருகிறார்? கதை சொல்லத்தானே.

கொளத்தூர்_ஜெனி

ஆச்சி, எங்கள் மாமனார் கதை சொன்னால் அவர்தான் முதலில் தூங்குவார்.

மார்த்தாண்டம்_மயினி

ஜெனி, நானும் உங்களை மாதிரிதான், ஆனால் தலைகீழ். சென்னைக்குக் கட்டிக்கொடுத்த நாகர்கோவில்காரி. என் அனுபவம் என்னவென்றால், சின்னப் பிள்ளைகளுக்கு 25ஆம் தேதி என்பது பெரியவர்களுடைய நாள். பூசை, பிரியாணி, வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லு, போகிறவர்களுக்கு டாட்டா சொல்லு. அதில் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அவர்களுடைய கிறிஸ்துமஸ் அதற்கு முந்தின மூன்று வாரத்தில்தான் இருக்கிறது. அங்கே கொஞ்சம் நேரம் செலவழித்தால், 25 அன்று மத்தியானமே தூங்கிப்போனாலும் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பலகாரத்தில் ஆரம்பியுங்கள். முந்திரிக்கொத்து உங்கள் மாமியார் பொறுப்பு, கொடுத்துவிடுங்கள். பயறு வறுத்துப் பொடித்து, தேங்காயை ஈரம் போக வறுத்து, கருப்பட்டியோ வெல்லமோ பாகு வைத்து உருட்டுவது அவர்களுடைய கைக்குத்தான் வரும். ஊரிலேயே செய்து டின்னில் கொண்டுவந்துவிடுவார்கள், நீங்கள் கேட்டால் அவர்களுக்குப் பெருமையாகவும் இருக்கும். அதிரசமும் அப்படித்தான், மாவு பதம் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போது நாம் ஏன் கையை விட்டுக் கெடுப்பானேன்.

பிள்ளைகளுக்குக் கல்கல். மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து துணி மூடி வையுங்கள். கோலிக்குண்டு அளவுக்கு உருட்டிக் கொடுத்தால், முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அப்படியே சுருட்ட வேண்டும், வரி வரியாகச் சோழி மாதிரி வரும். புதுச் சீப்பு வாங்கி அதிலும் செய்வார்கள். நாலு வயசுப் பிள்ளை செய்தால் பாதி சோழியாகவும் பாதி நத்தையாகவும் வரும். வரட்டுமே! பொரித்த பிறகு அவள் செய்ததைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அவளையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அச்சு முறுக்கு மட்டும் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது. அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மாவில் முக்கால் அச்சு மட்டும் முங்க வேண்டும், முழுசாக முங்கினால் முறுக்கு அச்சைவிட்டு இறங்காது. அதை உதறுகிறேன் என்று எண்ணெயைச் சிதறவிடாதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

டியூட்டி_சிஸ்டர்

குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன், டிசம்பர் கடைசி வாரம் எனக்கு லீவு கிடைத்ததே இல்லை. அதனால் பண்டிகையைக் கெடுக்கிற மாதிரி இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மயினி சொன்ன கல்கல் பெரியவளுக்குச் சரி. ஒன்றரை வயசுப் பையனுக்குக் கொடுக்காதீர்கள். கெட்டியாக, உருண்டையாக, தொண்டைக்குச் சரியான அளவில் இருக்கிறது. முழு முந்திரி, வேர்க்கடலை, முழுத் திராட்சை எல்லாமே அப்படித்தான். ஐந்து வயசு வரைக்கும் முழுப் பருப்பு வகை வேண்டாம், பொடித்துக் கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வருவார்கள், அதில் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரையோடு முந்திரியும் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் கவனம்.

இதைவிட முக்கியம் பட்டன் பேட்டரி. பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை, மினுக்குகிற தாத்தா தொப்பி, சின்னச் சின்ன லைட் பொம்மை, எல்லாவற்றிலும் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். குழந்தை அதை முழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்தால் கீழே போய்விடும் என்று உட்காராதீர்கள், நேராக எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முழுங்கினானா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் ஓடுங்கள். உறவுக்காரர்கள் கொண்டுவரும் பொம்மையில் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையன் கையில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் "அழகா இருக்கு" என்று சொல்லி அலமாரி மேல் வைத்துவிடுங்கள்.

சூளைமேடு_அப்பா

சீரியல் லைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர். நடைபாதையில் வாங்குகிற மலிவு செட்டில் ஒயர் தலைமுடி மாதிரி இருக்கிறது, அதை நேராக 230 வோல்ட்டில் செருகுகிறோம். பால்கனி கம்பி இரும்பு, மேலே மழை. வீட்டில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், அதை யாருமே அழுத்துவதில்லை. ஸ்டாருக்குள் பழைய குண்டு பல்பு போடாமல் சின்ன எல்இடி போட்டால் பேப்பரும் கருகாது. குடிலில் பனி என்று பஞ்சைப் பரப்பிப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வைக்கிறவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை. சென்னையில் எதற்கு ஐயா பனி?

ராயபுரம்_ரோஸ்

பிளம் கேக்கை யாரும் பேசவில்லையே. ரம்மில் ஊறின பழம் போட்ட கேக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்களா மாட்டீர்களா? எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம், "வேகும்போது எல்லாம் போயிடும்" என்பார் பெரியப்பா.

டியூட்டி_சிஸ்டர்

முழுசாகப் போகாது ரோஸ். பெரியப்பா அதற்கு மேலே இரண்டு ஸ்பூன் ஊற்றியும் கொடுப்பார் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு ஜூஸிலோ திராட்சை ஜூஸிலோ ஊறவைத்து ஒரு கேக் தனியாகப் போட்டுவிடுங்கள், அதிக வேலை ஒன்றும் இல்லை.

பெரம்பூர்_லோகோ

பெரியப்பா கேக்கைப் பெரியப்பாவே சாப்பிடட்டும். யாராவது அவருக்குத் துணை வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

தண்டையார்பேட்டை_டேவிட்

கேரல் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். நான் எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் பல வருஷமாகத் தாத்தா வேஷம் போடுகிறவன், அதனால் பயப்படும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பயம் தாத்தாவைப் பார்த்து இல்லை, அந்த முகமூடியைப் பார்த்து. ரோஸ் நிறப் பிளாஸ்டிக், கண்ணுக்கு இரண்டு ஓட்டை, சிரிக்கிற வாய் அசையவே அசையாது. ராத்திரி பதினொரு மணிக்கு டிரம்ஸ் அடித்துக்கொண்டு கதவைத் தட்டி அந்த முகத்தைத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளையின் மூஞ்சிக்கு நேரே கொண்டுபோனால் எனக்கே பயமாக இருக்கும்.

இரண்டு வழி. ஒன்று, ரவுண்ட்ஸ் வருகிற லீடருக்கு முன்னாடியே போன் போட்டு உங்கள் வீட்டை முதல் வீடாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏழு மணிக்கே முடிந்துவிடும். இரண்டாவது, கொழுந்தன், அண்ணன் யாராவது பிள்ளை பார்க்கும்போதே வேஷம் போடட்டும். முதலில் பேண்ட், அப்புறம் வயிற்றில் தலையணை, அப்புறம் அங்கி, தாடி. முகமூடி வேண்டாம், பஞ்சு தாடி மட்டும். தலையணையை அவளே எடுத்துக் கொடுத்தால் பாதி பயம் அங்கேயே போய்விடும். "அப்போ தாத்தா பொய்யா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

மந்தைவெளி_விஜி

நான் கிறிஸ்தவர் இல்லை, ஆனால் எதிர் ஃபிளாட்டில் இருக்கிற குடும்பத்தால் எங்கள் வீட்டிலும் ஒரு மாதம் ஸ்டார் தொங்கும். நீங்கள் நாலரை ஆராதனைக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் நான் மார்கழிக் கோலம் போட வாசலில் உட்கார்ந்திருப்பேன். கோலத்தின் நடுவில் பூசணிப்பூ வைக்கிற வேலையை அந்த வீட்டுக் குழந்தைதான் செய்யும், அரைத் தூக்கத்தில் புது ஷூவோடு வந்து வைத்துவிட்டு ஓடும்.

ஒரு வேண்டுகோள். பலகாரத் தட்டு அனுப்பும்போது எதில் முட்டை இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். கேக், அச்சு முறுக்கு இரண்டிலும் பெரும்பாலும் முட்டை சேர்ப்பீர்கள். எங்களை மாதிரி வீட்டுக்கு முறுக்கு, அதிரசம், முட்டை போடாத கல்கல் போதும். கேட்டால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்களோ என்று நாங்களும் கேட்பதில்லை, வாங்கி வைத்துவிட்டு வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுகிறோம். அப்புறம், தட்டைக் கொண்டுவருவது அந்தக் குழந்தையாக இருக்கட்டும். நாலு வயசுக்குத் தட்டு தூக்குவது பெரிய உத்தியோகம். நாங்கள் காலித் தட்டாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், இரண்டு ஆரஞ்சாவது வைத்துத்தான் கொடுப்போம், அது அவளுக்குச் சம்பளம்.

புரசை_கவிதா

எல்லாம் படித்தேன். ஜெனி, உங்கள் வீட்டுக்காரர் இந்தக் கதையில் எங்கே இருக்கிறார்?

கொளத்தூர்_ஜெனி

ஹா ஹா. ஸ்டார் கட்டுவது, டிக்கெட், பலூன் ஊதுவது அவர் துறை. டிக்கெட்டும் வெயிட்டிங் லிஸ்ட்.

பெரம்பூர்_லோகோ

இப்போதெல்லாம் 60 நாளைக்கு முன்னால்தான் ரிசர்வேஷன் திறக்கிறது, கிறிஸ்துமஸ் வார டிக்கெட் கண்ணெதிரே கரைந்துவிடும். வெயிட்டிங் நம்பர் பெரிதாக இருந்தால் நம்பாதீர்கள். முந்தின நாள் தட்கல், ஏசிக்குக் காலை 10, ஸ்லீப்பருக்கு 11. கன்னியாகுமரி, அனந்தபுரி, நெல்லை என்று மூன்றையும் பாருங்கள். சிறப்பு ரயில் அறிவிப்பு வந்தால் அன்றே போட்டுவிட வேண்டும். வயசானவர்களை ஆம்னி பஸ்ஸில் உட்கார வைக்காதீர்கள், அந்த வாரக் கட்டணத்தைக் கேட்டால் மாமனாருக்கு வயிறு எரிந்துவிடும்.

புரசை_கவிதா

நான் கேட்டது டிக்கெட்டைப் பற்றி இல்லை. 25ஆம் தேதி இருபது பேருக்கு யார் சமைக்கிறார்கள்? பிள்ளைகள் அழுவதற்குப் பாதிக் காரணம் தூக்கம் இல்லை, அம்மா காலையிலிருந்து அடுக்களையில் இருப்பது. அவள் கண்ணில் படவே மாட்டாள், பட்டாலும் "தள்ளிப் போடி, சூடு" என்பாள். எங்கள் வீட்டில் இதை ஒரு வருஷம் பேசி முடித்தோம், கொஞ்சம் சத்தமாகவே. இப்போது பிரியாணி வெளியே. தெரு முனை பாயிடம் ஒரு வாரம் முன்னால் சொல்லி, பக்கெட் கணக்கில் வாங்கிவிடுகிறோம். ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டு பேருக்கு வரும், பிள்ளைகளும் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளம். தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயும் அவர்களே தருகிறார்கள். வீட்டில் செய்வது பிள்ளைகளுக்குக் காரமில்லாத குஸ்கா, ரசம், அவ்வளவுதான்.

மாமியார் முதல் வருஷம் "கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கடை பிரியாணியா" என்று ஒரு மாதிரி பார்த்தார்கள். இரண்டாவது வருஷம் அவர்களே "பாய்கிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டார்கள்.

பாளையங்கோட்டை_ஆச்சி

கடை பிரியாணிக்கு எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் ஆம்பிளைகள் வெங்காயம் உரிக்கட்டும், அதில் தப்பில்லை.

மார்த்தாண்டம்_மயினி

முந்தின மூன்று வாரம் என்று சொன்னேன் அல்லவா, குடில் புல்லைச் சொல்ல மறந்துவிட்டேன். டிசம்பர் நடுவில், பழைய எவர்சில்வர் தட்டிலோ ஐஸ்கிரீம் டப்பா மூடியிலோ கொஞ்சம் மண் போட்டுக் கேழ்வரகும் வெந்தயமும் தூவச் சொல்லுங்கள். தினம் தண்ணீர் தெளிப்பது அவள் வேலை. வெந்தயம் இரண்டு மூன்று நாளில் எட்டிப் பார்க்கும், கிறிஸ்துமஸுக்குள் குடிலில் ஆடு மேய நிஜப் புல் தயார். கடையில் பச்சைத் தேங்காய்நார் விற்கிறார்கள், அது வேண்டாம். குழந்தை இயேசு சுரூபத்தை 24 ராத்திரி வரைக்கும் ஒளித்து வையுங்கள். தொட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று தினம் கேட்பாள்.

மழைக்குப் பயந்து குடிலை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் எங்கள் மொட்டை மாடிக் குடில் யார் வீட்டுக்குப் போனது என்று இன்னும் தெரியாது.

சூளைமேடு_அப்பா

பொம்மைக் குவியலுக்கு ஒரு வழி சொல்கிறேன். எல்லா மாமா, சித்தப்பாவும் 25ஆம் தேதியே பரிசைக் கொடுப்பார்கள், பிள்ளை எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுவிட்டு அட்டைப்பெட்டியோடு விளையாடும். இரண்டை மட்டும் அன்று கொடுங்கள். மற்றதை எடுத்து வைத்து, 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாளுக்கு ஒன்று, ஜனவரி 6 மூன்று ராஜாக்களுக்கு ஒன்று. ராஜாக்கள்தானே பரிசு கொண்டுவந்தவர்கள், கதையும் பொருந்துகிறது. துணி எடுக்கப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போங்கள், தி. நகர் கூட்டத்தில் பிள்ளைகளோடு மாட்டிக்கொள்ளாதீர்கள். அலங்காரச் சாமான் பாரிமுனைச் சந்துகளில் மொத்த விலைக்குக் கிடைக்கும், நீங்கள் மட்டும் போங்கள்.

வந்தவர்கள் முன்னால் "மனப்பாட வசனம் சொல்லு, மாமாவுக்கு முத்தம் கொடு" என்று நிறுத்தி வைப்பதை முதல் நாளே தடை செய்யுங்கள்.

தண்டையார்பேட்டை_டேவிட்

வசனம் சொல்ல வைத்ததால்தான் எனக்கு மேடைப் பயம் போனது பிரதர்.

சூளைமேடு_அப்பா

அதனால்தான் முகமூடி போட்டுக்கொண்டு ஆடுகிறீர்களா பிரதர்?

பட்டினப்பாக்கம்_செல்வி

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஊரிலிருந்து வந்தவர்களை 26ஆம் தேதி பீச்சுக்குக் கூட்டிப் போவது எல்லாருக்கும் வழக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பக்கம் சீனிவாசபுரத்தில் அப்படித்தான் பண்டிகை முடிந்த களைப்போடு இருந்தார்கள். கடல் உள்ளே வந்தது. எங்கள் வீட்டில் அந்தக் காலையில் யாரும் கடலுக்குப் போக மாட்டோம், மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வருவோம். நீங்கள் போகக் கூடாது என்று சொல்லவில்லை. மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் அன்று பூ போட்டுப் பால் ஊற்றிக்கொண்டு சிலர் நிற்பார்கள், பிள்ளைகள் கேட்டால் என்னவென்று சொல்லுங்கள்.

கொளத்தூர்_ஜெனி

செல்வி அக்கா, சொல்கிறேன்.

எல்லாருக்கும் நன்றி. இவரிடம் இழையை முழுசாகப் படிக்கக் கொடுத்தேன், கவிதா எழுதிய இடத்தில் கொஞ்சம் நேரம் நின்றார். இப்போதைக்கு முடிவு: 24 மாலைத் திருப்பலிக்கு அம்மாவோடு நாங்கள் நாலு பேரும். அம்மா சம்மதித்துவிட்டார்கள், "எனக்கும் முட்டி வலி" என்றார்கள், இத்தனை வருஷம் சொல்லவே இல்லை! விடியற்காலை பெரியவள் மட்டும் தாத்தாவோடு, எழுப்பினால் எழுந்தால். சின்னவனோடு நான். பிரியாணி பேச்சுவார்த்தை நடக்கிறது.

கொளத்தூர்_ஜெனி (டிசம்பர் 27)

வந்துவிட்டேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன், வீட்டில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள், பாத்ரூமில் ஒளிந்துகொண்டுதான் தட்டுகிறேன்.

பெரியவள் மூன்றரைக்கு எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்துவிட்டாள் ஆச்சி, நீங்கள் ஜெயித்தீர்கள். தாத்தா தோளில் போனாள், பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கினாளாம், அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. மத்தியானம் பன்னிரண்டுக்கு பெட்ரூம் கதவைச் சாத்தி இரண்டையும் படுக்க வைத்தேன், வந்த பெரியப்பா ஒருத்தர் "பிள்ளைகளைக் காட்டாமலே அனுப்புறீங்களே" என்று வருத்தப்பட்டார், நாலு மணிக்கு வாருங்கள் என்று சொன்னேன், வரவில்லை. பிரியாணி பாதி வெளியே, பாதி வீட்டில். மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் இரண்டு கிலோ வெங்காயத்தை நாத்தனார் வீட்டுக்காரரும் இவரும் பால்கனியில் உட்கார்ந்து உரித்தார்கள், அதை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

புல் விஷயத்தில் மயினியைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும். அவள் ஆடுகளுக்குத் தாகம் என்று டம்ளர் டம்ளராக ஊற்றி, தட்டு நாறி, இரண்டு தடவை மறுபடி விதைத்தோம். மூன்றாவது தட்டு விரல் உயரத்துக்கு வந்தது. கசின்கள் மூன்று பேருக்கும் அதை அவள்தான் விளக்கினாள், யாரும் தொடக் கூடாது, தாத்தாகூட. டேவிட், தலையணை யோசனை வேலை செய்தது, ஆனால் இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் வயிற்றில் தலையணை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறாள். நேற்று மேல்வீட்டு சாரையும் தட்டினாள்.

பாடுகிற பொம்மைகள் மூன்று வந்தன, மூன்றும் அலமாரி மேல்.

டியூட்டி_சிஸ்டர்

மூன்றிலும் ஸ்க்ரூ இருக்கிறதா?

கொளத்தூர்_ஜெனி

இரண்டில் இருக்கிறது. ஒன்றில் விரலால் தள்ளினாலே திறக்கிறது. கொண்டுவந்தது யார் என்று சொன்னால் சண்டை வரும்.

டியூட்டி_சிஸ்டர்

பேட்டரியைக் கழற்றி செலோடேப் ஒட்டி, பையன் கை எட்டாமல் எடுத்துப் போட்டுவிடுங்கள். கேட்டால் ரிப்பேர் என்று சொல்லுங்கள்.

ராயபுரம்_ரோஸ்

சரி, 31 ராத்திரி வாட்ச் நைட் சர்வீஸுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? அது பத்தரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு தாண்டும், புது வருஷத்துக்கான பைபிள் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை வாங்காமல் எங்கள் மாமியார் நகர மாட்டார்கள்.

சூளைமேடு_அப்பா

ரோஸ், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். எனக்கு இன்னும் வெங்காய வாசனை போகவில்லை.